மற்றும் இந்தியாவிலுள்ள உறவினர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இலங்கையின் பதுளையிலிருந்து தங்கச்சி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். தங்கச்சி என்றால் பெரியப்பா மகள். என்னைவிட ஒரு வயது இளையவள், இப்போது அவளுக்கே பேரன் இருக்கிறான். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பழைய காலத்தில் வந்து நின்றது. “ஒன்னோட அஞ்சாவது பொறந்தநாளைக்கு சிலோன் ரேடியோவுல வாழ்த்து வந்துச்சே, அன்னிக்கு அப்பாயி என்ன பண்ணுச்சு தெரியுமா” என்று நான் ஆரம்பித்தேன். அப்பாயி என்றால் அப்பாவின் அம்மா. மறுமுனையில் சத்தமே இல்லை. நெட் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் சொன்னாள்: “வந்துச்சுன்னு அப்பா சொல்வாரு. நான் ஒன்னுகூட கேட்டதில்லண்ணே. எங்க வீட்டுலதான் ரேடியோவே இல்லையே.”

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். உடனே பேரனுக்குப் பல் முளைக்கும் கதைக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. 1975-லிருந்து 1982 வரை, வருஷம் தவறாமல், செப்டம்பர் 3-ஆம் தேதி சாயங்காலம் கோத்தகிரியில் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் உட்கார்ந்து அந்த வாழ்த்தைக் கேட்டிருக்கிறோம். எட்டு வருஷம். பிறந்தநாள்காரி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பெரியப்பாவும் கேட்டிருக்க முடியாது. அப்படியானால் ரேடியோவுக்கு அனுப்பிய அந்த வாழ்த்து அட்டைகளைப் பெரியப்பா யாருக்காக எழுதினார்?

இலங்கை வானொலி என்றதுமே நம்மவர்கள் குரல்களைப் பற்றித்தான் பேசுவார்கள். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் என்று அறிவிப்பாளர்களை வரிசையாகச் சொல்லி, அந்த உச்சரிப்பு இனி வருமா என்று ஒரு பெருமூச்சு விடுவார்கள். நானும் விட்டிருக்கிறேன். பொங்கும் பூம்புனல், பாட்டுக்குப் பாட்டு, இசையும் கதையும் எல்லாம் எங்கள் லயத்திலும் ஓடியவைதான். ஆனால் பிறந்தநாள் வாழ்த்தை மட்டும் நாங்கள் குரலுக்காகக் கேட்டதில்லை, பாட்டுக்காகவும் கேட்டதில்லை. பெயர்களுக்காகக் கேட்டோம். அதுவும், யார் பெயர் வரவில்லை என்று கேட்டோம்.

ஒரு பெட்டி, இரண்டு அண்ணன் தம்பி

எங்கள் வீட்டுக் கதை இலங்கை மலையகத்திலிருந்து வந்த எல்லா வீட்டுக்கும் பொதுவானது. தோட்டங்களில் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களைப் பிரித்துக்கொள்ள, 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. அந்த மிச்சத்தையும் 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கணக்கு என்றால் இப்படித்தான், மீதி வராமல் முடியும். வீட்டுக்குள் அது முடியவில்லை. அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டார். பெரியப்பா இலங்கைக்குப் போட்டார். இருவரும் பேசி வைத்துக்கொண்டு போடவில்லை, சண்டை போட்டுக்கொண்டும் போடவில்லை. ஆளுக்கொருவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, ஆளுக்கொரு மேசையில், ஆளுக்கொரு நாளில் போட்டார்கள். அப்பாயி பெயர் அப்பாவின் குடும்ப அட்டையில் இருந்ததால் அப்பாயி எங்களோடு வந்துவிட்டது.

1974-இல் கிளம்பினோம். பதுளையிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் ரயிலுக்கு அங்கே ‘அழுகைக் கோச்சி’ என்று பெயர். எனக்கு ஐந்து வயது. அழுகை நினைவில் இல்லை. பெரியப்பா ஸ்டேஷனுக்கு வரவில்லை என்பது மட்டும் பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி என் நினைவாகவே ஆகிவிட்டது. இராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். அப்புறம் கோத்தகிரி. தாயகம் திரும்பியவர்களுக்கென்று 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்று. எங்கள் வாயில் அதற்கு ‘டான்டீ’ என்று பெயர். அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. அங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்றார்கள்.

கொண்டு வந்த சாமான்களில் ஒரு ரேடியோ இருந்தது. மூன்று பேண்டு டிரான்சிஸ்டர், தோல் உறை போட்டது, உறையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. கல்யாணத்துக்கு முன்பே அண்ணனும் தம்பியும் சேர்ந்து பதுளை டவுனில் வாங்கியது. அது எங்களோடு வந்ததுதான் சண்டைக்குக் காரணம் என்று அம்மா சொல்லும். அப்பாயியைக் கூட்டிக்கொண்டு வந்ததுதான் காரணம் என்று அப்பா சொல்வார். “ரேடியோ பாதிப்பாதிக் காசு. அவரு பாதிய நான் வச்சிட்டு வந்த பித்தளச் சாமான்ல கழிச்சுக்கிட்டாரு, கணக்கு முடிஞ்சுபோச்சு” என்பார். யாரும் கேட்காமலே சொல்வார். இதை நான் சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அப்பாயி என்று ரேடியோ சொன்ன நாள்

1975 ஆகஸ்டில் அப்பாயிக்கு ஒரு கடிதம் வந்தது. பெரியப்பா எழுதியது. விலாசத்தில் அப்பா பெயர் இல்லை. பக்கத்து லயத்துக் கங்காணியின் பெயரைப் போட்டு, அவர் மேற்பார்வை என்று எழுதியிருந்தது. அம்மாதான் படித்துக் காட்டியது. நலம், நலமறிய ஆவல், மழை இல்லை, மாடு கன்று போட்டது. கடைசியில் ஒரு வரி: செப்டம்பர் 3-ஆம் தேதி சாயந்திரம் ரேடியோவில் பிறந்தநாள் வாழ்த்துக் கேட்கவும். அவ்வளவுதான்.

கோத்தகிரியில் அந்த மாதத்தில் வெயிலைப் பார்ப்பதே அபூர்வம். மற்ற ஊர்களில் தீர்ந்துபோன எவரெடி பேட்டரியை வெயிலில் காயவைப்பார்கள். நாங்கள் அடுப்புத் திட்டின் ஓரத்தில் சூடு காட்டி எடுப்போம். அன்று அப்பா புதுசாகவே நான்கு பேட்டரி வாங்கி வந்தார். எதற்கு என்று சொல்லவில்லை. ஐந்து மணிக்கே பெட்டியைத் திண்ணையில் வைத்து முள்ளைத் திருப்பத் தொடங்கிவிட்டார். சிற்றலை கேட்டவர்களுக்குத் தெரியும், முள்ளை மயிரிழை நகர்த்தினால் சீனாக்காரன் வந்துவிடுவான். கிடைத்த பிறகும் குரல் நிற்காது. குடத்துத் தண்ணீர் தளும்புவது போல ஏறும், இறங்கும்.

ஊர் ஊராக, பிள்ளை பிள்ளையாக வந்தது. செல்வன் இன்னார், செல்வி இன்னார். நடுவில் விளம்பரம். பிறகு பதுளை என்று கேட்டது. தோட்டத்தின் பெயர், தங்கச்சியின் பெயர், (பெயரைப் போடாதே என்று அவள் சொல்லியிருக்கிறாள்) ‘இன்று தனது ஐந்தாவது பிறந்தநாளைக் கொண்டாடுகிறார். அவரை அன்பு அப்பா, அம்மா, மாமா, மாமி, கோத்தகிரியில் இருக்கும் அப்பாயி, மற்றும் இந்தியாவிலுள்ள உறவினர்கள் வாழ்த்துகிறார்கள்.’

அறிவிப்பாளருக்கு அப்பாயி என்ற சொல் பழக்கமில்லை போலிருக்கிறது. செந்தமிழில் ஓடிக்கொண்டிருந்த குரல் அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கி, அ-ப்-பா-யி என்று எழுத்துக்கூட்டின மாதிரி, ரொம்ப மரியாதையாகச் சொன்னது. லயமே சிரித்தது. எங்கள் அடுப்பங்கரையில் புழங்கும் சொல்லை அவ்வளவு சுத்தமாக யாரும் அதுவரை உச்சரித்ததில்லை. அப்பாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, ரேடியோவுக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டது. தொரை வந்தால் எழுந்து நிற்குமே, அந்த மாதிரி. இதைத்தான் தங்கச்சியிடம் சொல்ல வந்தேன்.

அப்பா ரேடியோவை அணைத்துவிட்டு உள்ளே போனார். பாட்டு பாதியில் நின்றது. ராத்திரி சாப்பிடும்போது, “மத்தவங்கள்ல ஒருத்தனா ஆயிட்டேன்” என்று மட்டும் சொன்னார்.

பட்டியல்

யோசித்துப் பார்த்தால் அந்த வாழ்த்தில் பிள்ளைக்கென்று இருப்பது ஒரே ஒரு வாக்கியம்தான். மீதி முழுவதும் பட்டியல். அம்மப்பா, அம்மம்மா, அப்பப்பா, அப்பம்மா, பெரியப்பா, பெரியம்மா, குஞ்சியப்பா என்று யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து வரும் பட்டியல்கள் தேர் வடம் மாதிரி நீளும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதனால் என்ன ஆகப்போகிறது? பெரியவர்கள்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். யார் முதலில், யார் பின்னால். மாமா பெயர் வந்து மாமி பெயர் வராவிட்டால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று நூறு மைலுக்கு அப்பால் இருப்பவருக்குப் புரிந்துவிடும். போன வருஷம் இருந்த தாத்தா இந்த வருஷம் இல்லையென்றால், கடிதம் வருவதற்கு முன்பே லயத்தில் யாராவது ஒருவர் ‘ச்சு’ கொட்டுவார். எங்கள் லயத்தில் பதுளைக்காரர்கள், அட்டன்காரர்கள், தலவாக்கலைக்காரர்கள் எல்லோரும் கலந்து இருந்தோம். தன் தோட்டத்தின் பெயர் வந்துவிட்டால் போதும், யார் பிள்ளை என்றே தெரியாவிட்டாலும், “அட, அந்தத் தோட்டத்துல இன்னும் ஆளு இருக்காங்கப்பா” என்பார்கள்.

கல்யாணப் பத்திரிகையில் பெயர் விடுபட்டதற்குப் பேச்சு வார்த்தை நின்றுபோன குடும்பங்கள் நமக்குப் புதிதில்லை. பத்திரிகையையாவது மடித்து வைத்துவிடலாம். ரேடியோவில் விடுபட்டால் ஊரே சாட்சி. வாழ்த்து அட்டை எழுதும் வீடுகளில் அதனாலேயே எவ்வளவு பஞ்சாயத்து நடந்திருக்கும்! அத்தனை பஞ்சாயத்தும் முடித்து இருபது பெயர் எழுதி அனுப்பினால், நேரம் போதாமல் அறிவிப்பாளர் ஏழாவது பெயரோடு நிறுத்தி ‘மற்றும் உற்றார் உறவினர்கள்’ என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். அந்த ‘மற்றும்’ பல வீடுகளில் சண்டையை மூட்டியிருக்கும், சில வீடுகளில் காப்பாற்றியும் இருக்கும்.

எங்கள் வீட்டில் அது வருஷா வருஷம் வந்தது. 1976-இல் அதே பட்டியல், தங்கச்சிக்கு ஒரு தம்பி கூடியிருந்தான். 1977-இல் ‘கோத்தகிரியில் இருக்கும் அப்பாயி’ என்றதும் அலை அப்படியே இறங்கிவிட்டது. கரகரவென்று சத்தம், ஒரு விசில், திரும்பக் குரல் ஏறும்போது ‘...வாழ்த்துகிறார்கள்’. அம்மா உடனே, “ஒங்க பேரத்தான் சொல்லியிருப்பாங்க, அதான் அவ்வளவு நேரம்” என்றது. அப்பா பதில் பேசவில்லை. ஆனால் அந்த வருஷம் பாட்டு முடிகிற வரைக்கும் ரேடியோவை அணைக்கவில்லை.

இதற்கு நடுவே அண்ணன் தம்பிக்குள் ஒரு வரி கடிதம் கிடையாது. இருந்தும் அப்பா ஒவ்வொரு செப்டம்பரும் புதுப் பேட்டரி வாங்கினார்.

அப்பாயியின் பெயர்

1981 ஜனவரியில், பனி கொட்டுகிற ஒரு விடியற்காலையில் அப்பாயி செத்துப்போனது. அப்பா கோத்தகிரி தபாலாபீசுக்குப் போய் பதுளைக்குத் தந்தி கொடுத்தார். ஏழு வருஷத்தில் அண்ணனுக்கு அவர் அனுப்பிய முதல் சேதி, ‘அம்மா காலமானார்’ என்ற இரண்டு வார்த்தை. பெரியப்பாவால் வர முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். பாஸ்போர்ட், விசா, கப்பல், அதெல்லாம் வாரக்கணக்கில் ஆகிற காரியம். மத்தியானமே எடுத்துவிட்டோம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கங்காணியின் சம்சாரம் ஓடிவந்தது. “ரேடியோவப் போடுங்க, ஒங்க வீட்டு அறிவித்தல் ஓடுது.”

இலங்கை வானொலியின் மரண அறிவித்தலைக் கேட்காதவர்களுக்கு அதைப் புரியவைப்பது கஷ்டம். காசு கட்டினால் வாசிப்பார்கள். பிறந்தநாள் வாழ்த்தின் அதே பட்டியல்தான், உறவு மட்டும் எதிர்ப்பக்கமிருந்து வரும். இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார், இன்னார் ஆகியோரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும், இன்னாரின் பேத்தியாரும் (அங்கே அதற்குப் பாட்டி என்று பொருள்) ஆவார். ‘இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்’ என்று முடியும். தகவல் சொல்லிவிட்டோம், இனிமேல் எனக்குச் சொல்லவில்லை என்று யாரும் வரக்கூடாது என்ற கண்டிப்பும் அந்த ‘ஏற்றுக்கொள்ளவும்’ என்பதில் இருக்கும்.

அப்பா மொட்டைத் தலையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பெட்டியைப் போடுவதற்குள் அறிவித்தல் முடிந்துவிட்டது. எப்படியும் மறுபடி வாசிப்பார்கள் என்றார் கங்காணி. காத்திருந்தோம். யார் யாரோ செத்துப்போயிருந்தார்கள். ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஒரு கடை முதலாளி. அப்புறம் பதுளை வந்தது. ஒரு பெண்ணின் பெயர். ‘பதுளையைப் பிறப்பிடமாகவும், இந்தியா கோத்தகிரியை வசிப்பிடமாகவும் கொண்ட...’ எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தப் பெயரை நான் அதற்கு முன்பு கேட்டதே இல்லை. அப்பாயிக்கு ஒரு பெயர் இருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. கூடப் படுத்துத் தூங்கின கிழவியின் பெயரைக் கொழும்பிலிருந்து ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எழவு வீட்டில் கேட்கக்கூடாத கேள்வி அது, அதனால் கேட்கவில்லை.

பிள்ளைகள் வரிசையில் முதலில் பெரியப்பா பெயர், அடைப்புக்குறிக்குள் சொல்வது போலக் குரலைத் தாழ்த்தி ‘பதுளை’. அடுத்து அப்பா பெயர். முழுப் பெயர். ‘கோத்தகிரி, இந்தியா.’ அதற்குப் பின்னால் மருமகள்கள், அம்மா பெயர், பேரப்பிள்ளைகளில் என் பெயர் வரை எல்லாம் வந்தது. எத்தனை வார்த்தைக்கு எவ்வளவு காசு கட்டினார் பெரியப்பா என்று தெரியாது. டவுனில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். ஒருவரையும் ‘மற்றும்’ என்று தள்ளவில்லை. அம்மாவைப் புதைத்த எங்களுக்கே, அம்மா செத்துவிட்டாள், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அங்கிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்.

லயத்துக்காரர்கள் அப்பா அழுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ரொம்ப நேரம் பெட்டியையே பார்த்தார். அப்புறம், “இனிஷியல விட்டுட்டானுங்க” என்றார். சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போனவர் இருட்டின பிறகுதான் வந்தார்.

கருமாதி முடிந்த வாரம் பெரியப்பாவுக்குக் கடிதம் எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. அம்மாவிடம்கூடப் படித்துக் காட்டவில்லை. அந்தச் செப்டம்பரில், தங்கச்சியின் பதினோராவது பிறந்தநாளில், ‘கோத்தகிரியில் இருக்கும் சித்தப்பா, சித்தி, அக்கா, அண்ணன்’ என்று வந்தது. அப்பாயி இருந்த இடத்தில் நாங்கள் இருந்தோம். அண்ணன் என்றது என்னைத்தான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் சொன்னேன், ஒரு பயலும் நம்பவில்லை.

1982-இலும் வந்தது. 1983 ஜூலை 27-ஆம் தேதி பதுளை பஜார் எரிந்தது. பெரியப்பா வேலை பார்த்த கடையும் அதில் போனது. எங்களுக்கு அது நவம்பரில்தான் தெரியும். நடுவில் வந்த செப்டம்பர் 3-ஆம் தேதி அப்பா நாலு மணிக்கே புதுப் பேட்டரி போட்டுவிட்டார். பாட்டு வந்தது, பிள்ளைகளின் பெயர் வந்தது, பதுளை வரவில்லை. எட்டு மணி வரைக்கும் முள்ளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டே இருந்தார். நவம்பரில் வந்த கடிதத்தில் எல்லோரும் நலம் என்று இருந்தது. அதற்குப் பிறகு பெரியப்பா வாழ்த்து அனுப்பவே இல்லை.

தாண்டிக் குதிக்கும் அலை

தங்கச்சி போன் பண்ணிய பிறகு நான் இன்னொன்றையும் யோசித்தேன். சிற்றலைக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை மேலே போய் வானத்து அயனி மண்டலத்தில் முட்டித் திரும்பி, சில நூறு கிலோமீட்டர் தள்ளித்தான் தரையில் விழும். நடுவில் இருப்பவனுக்கு ஒன்றும் கேட்காது. கொழும்புக்கு வடக்கே ஏக்கலையிலிருந்து இந்தியாவை நோக்கி அனுப்பும் சிற்றலை பதுளையைத் தாண்டிக் குதித்து நீலகிரியில் விழுந்திருக்கும். உள்ளூருக்கு மத்திய அலை இருந்தது, அது வேறு கணக்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மவுண்ட்பேட்டன் படைகளுக்காக நடத்திய ‘ரேடியோ சீக்’ (SEAC) என்ற நிலையத்துக்குப் போட்ட வசதிதான் பிற்பாடு இலங்கை வானொலிக்குக் கைமாறியது. வீட்டை விட்டுத் தூரத்தில் கிடக்கும் சிப்பாய்களுக்குக் கேட்க வேண்டும் என்று பூட்டிய யந்திரம். நமது விவித பாரதியும் ஜவான்களுக்கென்று ஜெயமாலா நடத்தியதே, தூரத்தில் இருப்பவனுக்கு ரேடியோ என்றால் எல்லா நாட்டுக்கும் உடனே இதுதான் தோன்றியிருக்கிறது.

ஆக, வீட்டில் ரேடியோ இருந்திருந்தாலும் தங்கச்சிக்கு அது கேட்டிருக்குமோ என்னமோ. பெரியப்பாவுக்கு அயனி மண்டலமெல்லாம் தெரிந்திருக்காது. எந்த நிகழ்ச்சி இந்தியாவில் இழுக்கும் என்பது தெரிந்திருக்கும். ஏனென்றால் எங்கள் கையில் எந்தப் பெட்டி இருக்கிறது, அதில் எத்தனை பேண்டு என்பது அவருக்குத் தெரியும்.

போன வாரம் கோத்தகிரிக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு எண்பத்து நாலு. காது மந்தம், நினைவு தெளிவு. பெரியப்பா போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. சாப்பிட்டு முடித்து வெற்றிலையை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்தவரிடம் தங்கச்சி சொன்னதைச் சொன்னேன். இரண்டு தடவை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. “அவங்க வீட்டுல ரேடியோவே இல்லையாம்ப்பா. ஒன்னுகூட அவங்க கேட்டதில்லையாம்.”

“அது எப்பிடி இருக்கும். பெட்டி இங்கல்ல இருக்கு” என்றார்.

அதைச் சொல்லிவிட்டு வெற்றிலையின் காம்பைக் கிள்ளினார், நுனியைக் கிள்ளினார், முதுகில் சுண்ணாம்பைத் தடவினார். அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நான் எழுந்துவிட்டேன். பரணைப் பார்த்தார். ரேடியோ இன்னும் அங்கேதான் இருக்கிறது, தோல் உறை நைந்துபோய், பேட்டரி வைக்கும் இடத்தில் பச்சைப் பச்சையாகக் களிம்பு ஏறி.

“முக்காவாசி அண்ணன் காசுதான்” என்றார்.